கழுகுகள் வராத கழுக்குன்றம்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரத்திற்குச் செல்லும் சாலையில், ஏறத்தாழப் பாதி வழியில், வயல்களுக்கும் ஏரிகளுக்கும் நடுவே எழுந்து நிற்கிறது திருக்கழுக்குன்றம். செங்கற்பட்டிலிருந்து சுமார் 14 கி.மீ.; கடற்கரையை அடைய ஏறக்குறைய அதே தொலைவு இன்னும் செல்லவேண்டும். குன்றின் உயரம் ஐந்நூறு அடி அளவே. நீலகிரியையும் பழனியையும் கண்டவர்கள் இதை மலை என்று அழைக்கத் தயங்கலாம். ஆயினும் சமதரையில் தனித்து நிற்கும் குன்றுக்கு ஒரு கம்பீரம் உண்டு. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஊருக்கு முன்பாகக் குன்று தெரிகிறது. குன்றுக்கும் முன்பாக அதன் உச்சியில் வேதகிரீசுவரர் திருக்கோயிலின் விமானம் தெரிகிறது. வண்டியில் வந்த அக்காலத்து யாத்திரிகர்கள் அங்கேயே கைகூப்பி விடுவார்களாம்.

தொண்டை நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற 32 தலங்களுள் இது 28-ஆவது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடியுள்ளனர். மாணிக்கவாசகருக்கு இறைவன் குருவடிவாய்க் காட்சி தந்த தலங்களுள் இதுவும் ஒன்று என்பதால் திருவாசகத்திலும் இதற்கெனத் தனிப் பதிகம் இடம்பெற்றது. ஊரில் 'நால்வர்கோயில்பேட்டை' என்றே ஒரு பகுதி இருக்கிறது.

நான்கு வேதங்களும் நான்கு குன்றுகளாய் இங்கே நிற்கின்றன என்பது தலபுராணம். இருக்கு, யஜுர், சாமம் ஆகிய மூன்றும் அடியாக, அதர்வணம் முடியாக, அதன் உச்சியில் பெருமான் சுயம்புவாய் எழுந்தருளியிருக்கிறார். வேதாசலம், வேதகிரி என்ற பெயர்கள் அதனால் வந்தன. தலவிருட்சம் வாழை ஆகையால் கதலிவனம் என்ற பெயரும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்திரன் இடிவடிவில் வந்து விமானத்தின் துளைவழியே இறங்கி இறைவனை வலம் வந்து மறைகிறான் என்றும் ஊரார் சொல்வார்கள்.

நிலவியல் அறிந்தோர் வேறொரு பழமையைச் சொல்கிறார்கள். செங்கற்பட்டு வட்டாரத்துக் குன்றுகளில் பெரும்பகுதி 'சார்னோகைட்' எனப்படும் கரும்பாறையால் ஆனது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய கல் அது. பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்குச் சென்னைப் பகுதியிலிருந்து கல் கொண்டு போனார்கள். பிற்காலத்தில் ஆய்வு செய்தவர்கள் அந்தக் கல்லறைக்காரரின் பெயரையே கல்லுக்குச் சூட்டிவிட்டார்கள். ஆதிகாலத்துத் தமிழ்க் கல்லுக்கு இப்படி ஒரு பெயர்! மலையைச் சுற்றிலும் மண் அரித்துச் செல்ல, கல் மட்டும் அசையாமல் நின்றது. இன்று குன்றாகத் தெரிவது அதுதான்.

மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் சங்கு தீர்த்தத்தைத் தரிசித்துவிட்டுச் செல்வது மரபு. பரந்த திருக்குளம். இறைவனை அபிடேகம் செய்யப் பாத்திரமின்றி மார்க்கண்டேயர் தவித்தபோது இக்குளத்தில் சங்கு தோன்றியது என்பது வரலாறு. அன்று தொட்டு ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீரில் சங்கு மிதந்து வருவதை அன்பர்கள் கண்டு வழிபடுகிறார்கள். 2011-இலும் 2024-இலும் அவ்வாறு சங்கு தோன்றியபோது கரையெங்கும் மக்கள் வெள்ளம். கிடைத்த சங்குகள் தாழக்கோயிலில் வைத்துப் போற்றப்படுகின்றன. குரு பகவான் கன்னி ராசியில் பிரவேசிக்கும்போது நடைபெறும் புஷ்கர மேளாவும் இலட்சதீபமும் இக்குளத்துக்கு உரிய பெருவிழா. கடைசியாக அது 2016 ஆகஸ்டில் நிகழ்ந்தது.

தாழக்கோயிலில் பக்தவத்சலேசுவரரும் திரிபுரசுந்தரி அம்மையும் எழுந்தருளியிருக்கிறார்கள். ஆடிப்பூரம், நவராத்திரியின் நிறைவு நாள், பங்குனி உத்திரம் ஆகிய மூன்று நாள்களில் மட்டும் அம்மைக்குத் திருமேனி முழுவதும் அபிடேகம் நிகழ்கிறது; மற்ற நாள்களில் திருவடிக்கு மட்டுமே. அந்த மூன்று நாள்களில் ஒன்றைக் கணக்கிட்டு வருவோர் பலர்.

மலைக்கு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். அகலமான கற்படிகள்தாம், எனினும் வயதானவர்கள் வெயிலுக்கு முன் ஏறிவிடுவது நல்லது. முழங்கால் இடங்கொடாதவர்களுக்கு டோலி தூக்குவோர் இருக்கிறார்கள். இருபுறமும் முட்புதர்களும் கல்லிடுக்கில் வேரூன்றிய சிறு மரங்களும். குரங்குகள் படிக்குப் படி வரவேற்கும். அருச்சனைத் தட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்ளாதவர்கள் தேங்காயையும் பழத்தையும் வழியிலேயே நிவேதனம் செய்துவிட வேண்டியதுதான். மேலே ஏற ஏறக் காற்று மாறுகிறது. தெற்கே பாலாறு கடலை நாடிச் செல்லும் மணற்பரப்பு. சுற்றிலும் ஏரிகள், பச்சை வயல்கள். வானம் தெளிந்த நாளில் கிழக்கே கடலின் நீலக் கோடு.

உச்சியில் வேதகிரீசுவரரையும் சொக்கநாயகி அம்மையையும் தரிசித்தபின், வயது முதிர்ந்த அன்பர்கள் பலர் செய்யும் ஒன்று உண்டு. கோயிலுக்குச் சற்றுக் கீழே உள்ள சரிந்த பாறையைத் தேடிச் சென்று பார்க்கிறார்கள். பிறகு அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறார்கள். உடன் வந்த பேரக்குழந்தைகளுக்கு ஏனென்று புரிவதில்லை.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாறையைச் சுற்றி நாள்தோறும் கூட்டம் கூடும். உச்சிப்பொழுது நெருங்கும்போது கோயிலின் தேசிகர் பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கலும் நெய்யுமாக வந்து பாறையில் அமர்வார். கூட்டம் பேச்சை நிறுத்திவிடும். சில நாள்களில் சிறிது நேரம், சில நாள்களில் நெடுநேரம். எங்கோ தொலைவில் ஒரு புள்ளி தோன்றும்; அது இரண்டாகும். வெண்ணிறச் சிறகுகள், ஓரத்தில் கருமை. மலையைச் சுற்றி வட்டமிட்டு இறங்கி, பாறையில் தத்தித் தத்தி நடந்து வந்து, தேசிகரின் கையருகே அமுது கொள்ளும் அந்த இரு கழுகுகள். உண்டு முடித்ததும் எழுந்து பறந்துவிடும். 'சம்போ மகாதேவா' என்ற குரல் அப்போதுதான் கூட்டத்திலிருந்து எழும்.

காசியிலிருந்து இராமேசுவரம் செல்லும் வடநாட்டு யாத்திரிகர்களுக்கு இத்தலம் 'பட்சி தீர்த்தம்' என்றே பழக்கம். அந்தப் பெயருக்குக் காரணம் இந்த இரு பறவைகள். காலையில் கங்கையில் நீராடி, நண்பகலில் கழுக்குன்றத்தில் அமுதுண்டு, மாலையில் இராமேசுவரத்தில் வழிபட்டு, இரவில் தில்லையில் அடங்குகின்றன என்று கதை. சொல்பவர்க்கேற்ப இடங்களும் வேளைகளும் சற்று மாறும். கழுக்குன்றத்தில் உச்சிவேளை அமுது என்பது மட்டும் மாறுவதில்லை.

புராணம் இன்னும் பின்னோக்கிச் செல்கிறது. சாபத்தால் கழுகுருப் பெற்ற முனிவர் எண்மர். யுகத்துக்கு இருவராக இங்கு வழிபட்டு விடுதலை பெறவேண்டும் என்பது இறையாணை. கிருத யுகத்தில் சண்டன், பிரசண்டன். திரேதா யுகத்தில் சம்பாதி, சடாயு. துவாபர யுகத்தில் சம்புகுத்தன், மாகுத்தன். கலியுகத்தில் சம்பு, ஆதி. சடாயுவின் பெயர் இந்த வரிசையில் இருப்பதைக் கவனிக்கவேண்டும். இதே தொண்டை நாட்டில், காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள திருப்புட்குழியில்தான் இராமபிரான் சடாயுவுக்கு ஈமக்கடன் செய்தார் என்பது வைணவ மரபு. தசரதனுக்குச் செய்ய முடியாமற்போன கடனை ஒரு கழுகுக்குச் செய்தார்! சைவம், வைணவம் இரண்டிலும் இந்தப் பறவைக்கு இவ்வளவு உயர்ந்த இடம் கொடுத்த நாடு இது.

அந்த நாளில் கூடவே ஒரு நம்பிக்கையும் இருந்தது. கழுகுகள் வராத நாளில், கூடியிருப்பவர்களுள் யாரோ பாவம் செய்தவர் இருக்கிறார் என்பார்கள். எத்தனையோ குடும்பங்கள் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து, வெயிலில் காத்திருந்து, பறவைகளைக் காணாமல் இறங்கியிருக்கின்றன. இறங்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்திருப்பார்கள். சிறுமியாய் இருந்தபோது தன்னால்தான் கழுகு வரவில்லை என்று எண்ணி அழுத பாட்டிமார் இன்றும் இருக்கக்கூடும். அந்தப் பாரம் அவர்களுக்கு வேண்டியதே இல்லை. இந்தப் பறவையைப் பற்றித் தெரிந்துகொண்டால் அது விளங்கும்.

கழுக்குன்றத்துக்கு வந்தவை தமிழில் மஞ்சள்முகப் பாறு என்றும் பாப்பாத்திக் கழுகு என்றும் பெயர் பெற்றவை. பாறு என்பது பழந்தமிழ்ச் சொல். இறந்த விலங்குகளை உண்டு நிலத்தைத் தூய்மை செய்யும் பெரும்பறவைகளுக்கு உரியது. தானே கொன்று தின்னும் பருந்தும் இராசாளியும் வேறு இனம். வெள்ளையுடல், கரிய இறகோரம், மஞ்சள் முகம், மெல்லிய வளைந்த அலகு. பாறுகளில் இது சிறிய இனம். ஐரோப்பாவின் தென்பகுதி, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, இந்தியா எனப் பரந்த நிலப்பரப்பில் வாழ்கிறது. உலகம் இதை எகிப்தின் பெயரால் அழைக்கிறது. எகிப்தியர் இதைப் போற்றினர். அவர்களுடைய சித்திர எழுத்துகளில், இன்று 'அ' என்று வாசிக்கப்படும் எழுத்து இப்பறவையின் உருவமே. அகரத்தில் தொடங்கும் நமக்கு இது இனிக்கும் செய்தி.

தமிழ்நாட்டுப் பெருமை ஒன்றும் உண்டு. இந்தியாவில் வாழும் இப்பறவையை 18-ஆம் நூற்றாண்டில் சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் செஞ்சிப் பகுதியில் கண்டு எழுதினார். அதனால் இந்தியக் கிளையினத்துக்கு அறிவியல் சூட்டிய பெயரில் 'செஞ்சி' நிலைத்துவிட்டது: ஜிஞ்ஜினியானஸ். செஞ்சியும் கழுக்குன்றமும் ஒரே பாறைநாட்டின் இரு பகுதிகள். செங்குத்தான பாறை விளிம்புகளிலும் இடுக்குகளிலும் கூடு கட்டுவது இதன் வழக்கம். ஒரே இணை ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பும். உணவு தவறாமல் கிடைக்கும் இடத்தை மறப்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழக் கூடியது. அறிவுக்கூர்மையோ வியப்பூட்டும். ஆப்பிரிக்காவில் தீக்கோழியின் முட்டை ஓடு அலகுக்கு மசியாதபோது, கல்லை அலகால் எடுத்து மேலே எறிந்து உடைப்பதை 1966-இல் ஜேன் குடால் தம்பதியர் உலகுக்கு எடுத்துரைத்தனர்.

'எப்போதும் இரண்டே, எப்போதும் வெள்ளை' என்று பெரியவர்கள் வியந்ததற்கும் விளக்கம் இருக்கிறது. குஞ்சுகள் கருமை கலந்த பழுப்பு நிறம். வெண்மை முழுதாக ஏற ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். முதிர்ந்த இணை தன் எல்லைக்குள் வேறு இணையை எளிதில் விடாது. ஆகவே பாறையில் அமுதுக்கு இறங்குவது அந்த இரண்டே. ஒன்று மறைந்தால் அதனிடத்துக்கு இன்னொன்று வந்து சேரும். இவ்வாறு தலைமுறைக்குப் பின் தலைமுறையாக இடைவெளியின்றி இரு பறவைகள் ஒரு பாறைக்கு வந்திருக்கின்றன. அதையே மக்கள் முனிவர் இருவராகக் கண்டார்கள். விளக்கம் தெரிந்ததால் வியப்பு குறைவதாகத் தெரியவில்லை. கூடுகிறது என்றே சொல்லவேண்டும்.

மஞ்சள் முகத்துக்குக் காரணம் கேட்டால் சிலர் முகம் சுளிக்கலாம், பசுவைப் போற்றுவோர் சுளிக்கமாட்டார்கள். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2002-இல் கண்டறிந்தது இது: பசு, ஆடு முதலியவற்றின் சாணத்தில் உள்ள மஞ்சள் நிறச் சத்தை உண்டே இப்பறவை தன் முகத்துக்கு நிறம் ஏற்றுகிறது. கோமயத்தால் முகம் பொன்னாகும் பறவை! இது உயிரோடு இருக்கும் மாட்டோடும் உறவுடையது, இறந்த மாட்டோடும் உறவுடையது. அந்த இரண்டாம் உறவில்தான் கேடு நுழைந்தது.

1990-களின் பிற்பகுதிக்குப் பின் கழுக்குன்றத்துப் பாறைக்கு அந்த இணை அமுதுக்கு வருவது நின்றுபோனது. தேசிகரின் பாத்திரத்துக்கு வானிலிருந்து யாரும் இறங்கவில்லை. ஊரில் பல காரணங்கள் பேசப்பட்டன. கலி முற்றிவிட்டது என்றார்கள் சிலர். சம்புவும் ஆதியும் சாபம் நீங்கிச் சிவகதி அடைந்துவிட்டனர் என்றார்கள் சிலர். பக்தர்கள் பாவிகள் ஆகிவிட்டார்கள் என்றார்கள் இன்னும் சிலர்.

புராணக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் இவை பொருந்தவில்லை. கலியுகத்துக்கு 4,32,000 ஆண்டுகள். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் இதுவரை கழிந்தது ஐயாயிரத்துச் சொச்சம் என்பது தெரியும். ஒவ்வோர் இணையும் தனக்குரிய யுகம் முழுவதும் இங்கு வழிபட வேண்டியவை. கலியுகத்து இணைக்கு இன்னும் நான்கு இலட்சத்து இருபத்தாறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அமுது பாக்கி இருக்கிறது. நேரம் வரும் முன்னே அவை போயின என்றால், தாமாகப் போகவில்லை என்றே புராணமும் சொல்வதாகக் கொள்ளவேண்டும்.

அதே ஆண்டுகளில் நாடெங்கும் பாறுகள் மடிந்துகொண்டிருந்தன. வெண்முதுகுப் பாறு என்னும் பெரிய இனத்தில், 1992-க்கும் 2007-க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவே எஞ்சியது. மும்பையில் பார்சி சமூகத்தார் தம் முன்னோரின் உடலைப் பாறுகளுக்கு ஒப்படைக்கும் மரபு, பறவையின்றித் தடுமாறியது. கிராமத்து வெளியில் கிடந்த மாட்டின் உடல் அழுகிக் கிடந்தது, தெருநாய்கள் பெருகின. காரணம் சில ஆண்டுகள் யாருக்கும் விளங்கவில்லை. தொற்றுநோய் என்றே முதலில் எண்ணினார்கள். 2004-இல் பாகிஸ்தானில் செய்யப்பட்ட ஆய்வின் முடிவு வெளிவந்தது. காரணம் டைக்ளோபினாக் என்னும் வலிநிவாரணி.

முழங்கால் வலிக்காகப் பல முதியோரின் மருந்துப் பெட்டியில் இருக்கும் அதே மருந்துதான் அது. மனிதர் உட்கொள்வதால் பறவைக்குத் தீங்கில்லை. அதை மாடுகளுக்கும் ஊசியாகப் போடத் தொடங்கினார்கள். நொண்டும் மாட்டுக்கு, காய்ச்சல் கண்ட பசுவுக்கு, அன்பினால்தான் போட்டார்கள். மாடு பிழைத்தால் நல்லது. ஊசி போட்ட சில நாள்களுக்குள் இறந்துவிட்டால், மருந்து அதன் உடலிலேயே தங்கியிருக்கும். அதை உண்ட பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். உடலுக்குள் உறுப்புகளின்மேல் சுண்ணம் பூசியதுபோல் வெள்ளை உப்பு படியும். கழுத்து தொங்க மரக்கிளையில் அமர்ந்திருக்கும் பறவை ஓரிரு நாளில் கீழே விழும். கூட்டமாக உண்பவை ஆகையால் ஒரு மாட்டின் உடல் பல பறவைகளைக் கொன்றது. பெரிய பாறுகளை அடுத்து மஞ்சள்முகப் பாறும் வேகமாகக் குறைந்தது. 2007-இல் உலக அளவில் அழியும் நிலையில் உள்ள இனம் என்று அது அறிவிக்கப்பட்டது. மாட்டின் உடலைத் திறந்த வெளியில் விடும் வழக்கம் குறைந்ததும், பாறைகள் கல்லுடைப்புக்குப் போனதும், ஊர்கள் பெருத்ததும் கூடச் சேர்ந்து இப்பறவைக்கு இடத்தைச் சுருக்கின.

2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் தருவதைத் தடை செய்தது. மனிதர்க்கான பெரிய ஊசிக்குப்பிகளை மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015-இல் குப்பியின் அளவு 3 மி.லி. என்று சுருக்கப்பட்டது. 2023-இல் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகிய இரண்டும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. பறவைக்குத் தீங்கு செய்யாத மருந்து ஒன்று இருக்கிறது. அதன் பெயர் மெலாக்சிகாம். கோசாலைக்குக் காணிக்கை தருவோரும் வீட்டில் பசு வளர்ப்போரும் கால்நடை மருத்துவர் வரும்போது இந்தப் பெயரை நினைவூட்டலாம். பசுவுக்கும் வலி தீரும். பசு மறைந்தபின் பறவைக்கும் ஆபத்து இராது.

தமிழ்நாட்டில் பாறுகள் முற்றும் அழிந்துவிடவில்லை. முதுமலையை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. அங்கே எப்போதாவது மஞ்சள்முகப் பாறும் தென்படுவதுண்டு. இவற்றைக் காக்கத் தமிழக அரசு 2022-இல் மாநில அளவில் ஒரு குழுவை அமைத்தது. மோயாற்றிலிருந்து கழுக்குன்றம் வான்வழியே நெடுந்தொலைவு. ஆனால் காசிக்கும் இராமேசுவரத்துக்கும் ஒரே நாளில் போய் வருவதாகக் கதை சொல்லப்பட்ட பறவைக்கு அது எம்மாத்திரம்!

பறவையைக் காப்பது இந்த மாவட்டத்து மக்களுக்குப் புதிதும் அன்று. இதே செங்கற்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலில், ஏரியில் தங்கும் நீர்ப்பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் முறையிட்டு, 1798-இல் ஆட்சியர் லயோனல் பிளேசிடம் ஆணை பெற்றார்கள். மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர் காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படும் அதே துரைதான் இவர். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அந்த உழவர்கள் அறிந்திருந்தார்கள். கூந்தன்குளம் முதலிய பிற ஊர்களைப் போல, வேடந்தாங்கலிலும் பறவை அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் ஆண்டுதோறும் அங்கே வருகின்றன. நெல்லும் நீரும் இருக்கும் வரை அவற்றுக்கு உணவு உண்டு. மலைக்கழுகின் உணவோ மனிதன் வளர்க்கும் மாட்டைச் சார்ந்தது.

மலையிலிருந்து இறங்கும் வழியில் ஒருக்கல் மண்டபத்தைக் காணாமல் வரக்கூடாது. ஒரே பாறையைக் குடைந்து இரு வரிசைத் தூண்களோடு அமைத்த குகைக்கோயில். கருவறையில் சிவலிங்கம். பல்லவர் காலப் பணி. மாமல்லபுரத்துக் குகைகளைக் கண்டவர்களுக்குத் தூண்களைப் பார்த்ததும் உறவு புரிந்துவிடும். தூண்களிலும் சுவரிலும் ஒல்லாந்தர் சிலர் தம் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் செய்தவர்கள் அவர்கள். கோயில் சுவரில் பெயர் எழுதும் பழக்கம் இக்காலத்து இளைஞர்களுக்கு மட்டும் உரியதன்று போலும்.

இத்தலத்துக் கல்வெட்டுகளுள் மிகவும் போற்றத்தக்கது ஒன்று உண்டு. முதலாம் ஆதித்த சோழனின் 27-ஆம் ஆட்சியாண்டில், 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொறிக்கப்பட்டது. திருக்கழுக்குன்றத்து மூலட்டானப் பெருமானுக்கு முன்பு கந்தசிஷ்யன் என்னும் பல்லவ மன்னன் இறையிலியாக நிலம் விட்டான். வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் அதை அவ்வாறே காத்தார். இப்போது ஆதித்தன் அதைப் புதுப்பிக்கிறான் என்பது அதன் செய்தி. கொடுத்த பல்லவ குலம் வீழ்ந்துவிட்டது. புதிதாய் வந்த சோழனுக்கு அந்தக் கொடையைத் தொடரவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. ஆயினும் பழைய கொடையைக் கேட்டறிந்து, தன் பெயரால் மீண்டும் எழுதி வைத்தான்.

மலைமேல் உச்சிக்கால பூசை இன்றும் குறைவின்றி நடக்கிறது. மணியோசை பாறைச் சரிவில் இறங்கிச் சங்கு தீர்த்தத்தின் கரை வரை கேட்கிறது. காலையில் சென்றால் மலைக்கோயிலைத் தரிசித்து, ஒருக்கல் மண்டபம் வழியாக இறங்கி, தாழக்கோயிலில் அம்மையை வணங்கி, நண்பகல் உணவுக்குள் ஊர் திரும்பிவிடலாம். பௌர்ணமியன்று கிரிவலம் வருவோர் மாலையில் செல்வது வசதி. செங்கற்பட்டிலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் பேருந்துகள் உண்டு.